செஞ்சியில் ஆட்டோவுக்கு மூச்சு வந்தது

காலை எட்டு மணிக்கு மேல்சித்தாமூரிலிருந்து கிளம்பினோம். செஞ்சிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். பழைய பெட்ரோல் ஆட்டோவை ஓட்டியவள் என் மருமகள் வள்ளி. பின்சீட்டில் நான், மூன்று பேர் உட்காரும் சீட்டு என்பார்கள், நான் உட்கார்ந்தால் ஒருவருக்குத்தான். கோட்டை பார்க்கப் போகவில்லை. ஆட்டோவுக்குப் புகை சோதனை. அதில் தேறினால்தான் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேலை வள்ளிக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு.

ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்து அதிர்ந்துபோனேன். பின்னால் கன்னங்கரேலென்று புகை! முகத்தைத் துடைத்துக்கொண்டே பைக்கில் எங்களைத் தாண்டிய ஒருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"ஆயுத பூஜை வரைக்கும் நல்லாதான் ஓடிச்சு. உன் வெயிட்டுதான் அத்தை, இழுக்க மாட்டேங்குது."

"நேத்து நான் ஏறவே இல்லையே, நேத்தும் பொகைஞ்சுதே?"

"நீ வரப்போறன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வழியில் நிறுத்தினாள். "பெட்ரோல் ஜாஸ்தியா போவுது, கொறைச்சுட்டா சரியாயிடும்" என்று பின்பக்கம் அடியில் கையை விட்டு எஞ்சினில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினாள். நின்ற இடத்தில் புகை கொஞ்சம் இளைத்தது. ஓடத் தொடங்கியதும் பழையபடிதான்.

ஒன்பதரைக்குச் செஞ்சி. சோதனை நிலையத்துக்காரர் சைலன்ஸருக்குள் குழாயை விட்டார், மெஷினைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பாஸ் ஆவாதும்மா. காத்து பத்தலை. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்கா எரியணும்னா பதினஞ்சு கிலோ காத்து வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாது, காத்து கிலோ கணக்கிலயா? அப்போ இது குடிக்கிறதே காத்துதானா?"

"ஆமா ஆயா. அது கொறைஞ்சா பெட்ரோல் அரைகுறையா எரிஞ்சு கரியா வரும். மதியத்துக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க, இன்னொரு தடவை பாக்கறேன்."

வள்ளி பின்மூடியைத் திறந்தாள். காற்றை இழுக்கும் சன்னமான துளைகளின்மேல் சந்தனம், அப்பம் கனத்துக்குக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு வேறு!

"யாருடி வெச்சது?"

"பூஜையில எல்லா எடத்துக்கும் வெச்சேன்... இதுக்கும் வெச்சேன் அத்தை."

"எஞ்சினுக்கு நெத்தி எதுன்னு தெரியாம மூக்குல அப்பிட்டியேடி!"

என் கொண்டை ஊசியாலேயே உள்ளே விழாமல் சுரண்டி எடுத்தோம். ஸ்டார்ட் செய்தாள். சைலன்ஸரில் டமால்! வெடித்த வேகத்தில் சோதனைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் ஆடிப்போனார்.

"இப்போ காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. ஸ்க்ரூவை யாராச்சும் திருகினீங்களா? இப்படியே ஓட்டினா எஞ்சின் சூடாயிடும்."

வள்ளி எதிரே கோட்டை நிற்கும் ராஜகிரி மலையை வெகு பக்தியாகப் பார்த்தாள். பிறகு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். வண்டி பூனைபோல மெல்ல உறுமியது. குழாயை மறுபடி விட்டுப் பார்த்தவர், "பாஸ்" என்றார். வள்ளி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வயிறு முட்டப் பூரி தின்றுவிட்டுத் திரும்பினோம். வீட்டு அடுப்பில் விறகைத் திணித்தால் புகையும், ஒன்றை உருவினால் பற்றும். தினமும் பார்க்கிறேன். என் சீட்டுக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு எரிகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏற்றத்தில் ஆட்டோ பாய்ந்து ஏறியது.

"இப்போ வெயிட்டு எப்படிடி இருக்குது?" என்றேன்.

வள்ளி வேகத்தைக் கூட்டினாள். திரும்பிப் பார்த்தேன். சாலை தெரிந்தது, அதன் கடைசியில் மலை, கோட்டையோடு முழுசாக.