ஒரு சாண் இடப்பக்கம்

ஊசியில் நூல் கோர்ப்பதற்கு முன்னால் சிம்ஹா தஹான் மீன்கடைக்காரருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். "மீன்ல ஒண்ணும் கோளாறு இல்லப்பா, என் வாய்லதான் கோளாறு. மனசுல வெச்சுக்காத. நான் இப்ப ஊசி எடுக்கணும்." அவர் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. அடுத்து ஹைஃபாவில் இருக்கும் நாத்தனார். பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்கப் போய்ப் புதிதாக ஒன்று முளைத்தது. அதற்கும் சேர்த்துக் கேட்டு முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் சிம்ஹா எங்கள் யூத ஜெபக்கூடத்து வேலையில் கை வைக்க மாட்டாள். "கோவத்தோட குத்தினா துணி சுருங்கிடும்" என்பாள். எங்கள் சஃபெத் நகரத்தில் தெருவுக்கு இரண்டு ஓவியர்கள் உண்டு. மேலிருந்து ஒளி இறங்கினால்தான் தூரிகை எடுப்போம் என்று சொல்லிக்கொண்டு பொழுதெல்லாம் காப்பி குடிப்பார்கள். சிம்ஹாவுக்கு நாத்தனார் இறங்கி வந்தால் போதும், வேலை தொடங்கிவிடும்.

பிழைப்புக்கு அவள் செய்வது வேறு. வாடகைக் கல்யாண உடுப்புகளைப் பிரித்து மணப்பெண்களின் அளவுக்குத் தைப்பது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். "இவ்வளவு இறுக்கச் சொல்ற, கல்யாணச் சாப்பாடு எந்த வழியா உள்ள போகும்?" என்று கேட்டு, மணப்பெண் சிரிக்கும்போது இடுப்பை அளந்துவிடுவாள். அவள் அம்மா மொரோக்கோவிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோலை வேறு யாரும் தொடக்கூடாது. நான் ஒருமுறை அதை வைத்து எலுமிச்சைக் கிளையை வெட்டினேன். ஓய்வுநாள் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஜெபக்கூட வேலை ஒன்று வந்தது, பேசியாக வேண்டியதாயிற்று.

பூத்தையல் வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்த்ததைத்தான் போடுவாள். வேதச்சுருளின் உறைக்கு வழக்கப்படி இரண்டு சிங்கம் போடச் சொன்னோம். வந்த சிங்கங்களுக்கு எங்கள் தெருப் பூனைகளின் முகம். கேட்டால், "நான் சிங்கத்தை எங்க பாத்தேன்? பாக்காததப் போட்டா பொய். பொய்ய ஆண்டவர் முன்னாடி மாட்ட முடியுமா?" என்றாள். இப்போது எங்கள் பிள்ளைகள் அந்தப் பூனைகளை முத்தமிட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

போன வருடம், வேதச்சுருள்களை வைக்கும் பேழைக்கு முன்னால் புத்தாண்டு முதலான புனித நாட்களில் தொங்கும் வெள்ளைத் திரை நைந்துபோனது. எங்கள் கமிட்டித் தலைவர் எலியாகிம் அஸுலாய் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். தொழுகையை முன்னின்று நடத்துபவரும் அவர்தான். மெஷினில் தைத்த திரையை வாங்கிவிடலாம், கோணல்மாணல் இருக்காது என்றார். கூடத்தின் சாவியையும் விளக்கையும் பார்த்துக்கொள்கிற நான் சிம்ஹாவுக்காக வாதாடினேன். அவள் அதுவரை பேழைத்திரை தைத்ததில்லை. எலியாகிம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி மக்லூஃப். ஏதாவது ஆச்சுன்னா பேழை முன்னாடி நீதான் திரையா நிக்கணும்."

ஏதாவது ஆகத்தான் செய்தது. வெள்ளைப் பட்டில் நடுவைக் காட்ட ஒரு நூலோட்டமும், இடப்பக்கப் பூங்கொடிக்கு ஒன்றும் போட்டிருந்தாள். பூத்தையல் சட்டத்தில் இறுக்கிய துணியில் ஒரு கையகலம்தான் கண்ணுக்குத் தெரியும். இறைவனின் நான்கெழுத்துப் பெயரைத் தங்க நூலில் தைத்து முடித்துச் சட்டத்தைக் கழற்றினாள். பெயர் நடுவில் இல்லை. ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. கொடிக்கான ஓட்டத்தை நடு என்று நம்பித் தைத்திருக்கிறாள்.

வேறு எந்தத் தையலாக இருந்தாலும் பிரித்துவிடலாம். அந்தப் பெயரை அழிக்கக்கூடாது என்பது எங்களில் குழந்தைக்கும் தெரியும். தாளில் எழுதினாலும் துணியில் தைத்தாலும் ஒன்றுதான், ஒரு இழையை உருவினாலும் அழித்ததாகும். புத்தாண்டுக்கு ஒரு மாதமே இருந்தது. வேறு பட்டும் இல்லை. சிம்ஹா அன்று என்னைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினாள். இந்த ஊர் இனி எந்தக் காலத்திலும் தன்னிடம் திரை கேட்காது என்று நினைத்திருப்பாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

எங்கள் மதகுரு ரபி நெஹோராய் வந்து பார்த்தார். நல்ல மனுஷர். நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு தைக்கும்முன் சொல்லவேண்டியதைச் சொன்னாயா என்று கேட்டார். அந்தப் பெயரை எழுதத் தொடங்கும்போது, இது இறைவனுடைய புனிதத்துக்காக என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது முறை. சொல்லாமல் தைத்திருந்தால் அது வெறும் பூவேலை மாதிரிதான், பிரிப்பதற்கு ஒரு வழி தேடலாம். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்று இழுத்தார். தப்பிக்கிற கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கே புரிந்தது. சிம்ஹா தைத்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. இல்லை என்று ஒரு தலையசைப்பு போதும்.

"சொன்னேன் ரபி. சத்தமாவே சொன்னேன்."

எனக்கு அங்கேயே பெருமை தாங்கவில்லை. எலியாகிமுக்கும் தகவல் போய், அவரும் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். பெயர் இருக்கிற துண்டை மட்டும் வெட்டியெடுத்து, பழைய சுருள்களைப் புதைக்கிற இடத்தில் புதைத்துவிட்டு, ஓட்டைக்கு ஒட்டுப் போடலாமே என்றார். சட்டப்படி அது செல்லும் என்று ரபியும் ஒப்புக்கொண்டார். சிம்ஹா பட்டின் மேல் கையை விரித்து வைத்தாள்.

"அவரை வெட்டி வெளிய அனுப்பிட்டு, அந்த ஓட்டைய மூடி அவருக்கே திரை கட்டுறதா? தப்பு என்னோடதுதான். ஆனா அவர் உக்காந்துட்டாரு. இனி நாமதான் நகரணும்."

எலியாகிம் படியிறங்கிப் போனார். மெஷின் திரைக்குச் சொல்லிவிட்டாரோ என்று அந்த ஒரு மாதமும் அவர் கடை வாசலை நோட்டம் விட்டுக்கொண்டே இருந்தேன். சிம்ஹா கதவைச் சாத்திக்கொண்டாள். மணப்பெண்களைக்கூடத் தையல் தெரிந்த தன் அக்காவிடம் அனுப்பிவிட்டாள். ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்கு மட்டும் ஊசி கீழே இறங்கும், எந்தத் தையல் பாதியில் நின்றாலும் சரி. என் மனைவி மிளகாய் போட்ட மீனைக் கொண்டுபோய் வாசலிலேயே கொடுத்துவிட்டு வருவாள்.

புத்தாண்டுக்கு முதல் நாள் திரையை மாட்டினேன். நடுவில் இல்லாத அந்தப் பெயரை நோக்கி, வலப்பக்கக் கீழ்மூலையிலிருந்து படிகள் ஏறின. வெள்ளைமேல் வெள்ளையாக, எங்கள் ஊரின் கல்படிகள். உடைந்த கைப்பிடியோடு குளத்துச் சந்துப் படி இருந்தது. மீன்கடைக்குப் பக்கத்துப் படி இருந்தது, அதன்மேல் பூனையும் இருந்தது. எல்லாம் வளைந்து வளைந்து ஏறி அவரிடம் போய்ச் சேர்ந்தன. பெயர் ஒரு சாண் தள்ளியிருந்ததால்தான் அத்தனை படிக்கும் இடம் கிடைத்தது. உலகத்தில் எத்தனையோ பெரிய ஜெபக்கூடங்கள் இருக்கலாம், இப்படி ஒரு திரை எங்களிடம்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும்.

புத்தாண்டு பிறக்கிற அன்று மாலையில் கூடம் நிரம்பியது. மேல்மாடத்தில் பெண்கள். எலியாகிம் வெள்ளை அங்கியோடு வந்து, பேழைக்கு நேர் எதிரே அவர் அப்பா காலத்திலிருந்து அசையாமல் நிற்கிற ஜெபமேசை முன்னால் நின்றார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று கூடமே காத்திருந்தது. அவர் குனிந்து, மேசையை இரண்டு கையாலும் பிடித்து, தரை கிறீச்சிட இடப்பக்கம் இழுத்தார்.

நான் மேலே பார்த்தேன். சிம்ஹா மாடத்தின் கம்பிமேல் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேசையையும் பெயரையும் பார்த்தாள். பிறகு எலியாகிமை நோக்கி இரண்டு விரலை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.