பாதிரியார் வீட்டுச் சுவரின் பிளவு

சாந்த்ரல் கிராமத்துப் பாதிரியார்கள் முந்நூறு வருடம் குடியிருந்த கல்வீட்டின் பக்கச்சுவர் பிளந்திருந்தது. முப்பது வருடமாக அந்த வீட்டைப் பழுதுபார்த்து வந்த கொத்தனார் ஆன்செல்ம், பிளவின் குறுக்கே பிளாஸ்டர் பட்டை பூசித் தேதி கீறி வைத்தார். ஆறு மாதத்துக்குள் பட்டை வெடித்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். ஊராட்சி வீட்டை இடித்துவிடும்.

கெடு முடிந்த அன்று மேயர் மடாம் ரோபினே ஏணியடியில் நின்று கத்தினார்.

"என்ன கொத்தனாரே, மேலேயே குடித்தனமா? வெடிச்சிருக்கா, இல்லையா?"

பட்டையில் கீறல்கூட இல்லை. ஆன்செல்முக்கு மூச்சு வந்தது. பழக்கத்தால் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பொத்தென்று ஒலித்தது. அன்று அவர் கல்லை நனைக்காமல் பூசியிருக்கிறார்; பட்டை சரியாக ஒட்டவில்லை. அந்தப் பக்கம் கல்லை விட்டுப் பிரிந்த பட்டை, சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் வெடிக்காது.

"முழுசா இருக்கு, மேயரம்மா."

"அப்ப வீடு பத்திரம்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுடறேன். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க இந்த மாடிக்குப் படிக்க வந்துடும்."

ஆன்செல்ம் பட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். அந்தப் பக்கம் முழுதும் கையோடு வந்தது.

"போடாதீங்க. தப்பு என்னுது. புதுசா பூசிப் பார்க்க இன்னும் ஆறு மாசம் வேணும்."

"ஊராட்சியில இடிக்கணும்னு நிக்கிறவங்களுக்கு நான் என்னய்யா பதில் சொல்ல?"

"என் பேரைச் சொல்லுங்க."

மேயர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "மூணு மாசம். அதுக்கு மேல அவங்கள என்னால நிறுத்த முடியாது."