எதிர்க்கடையில் ஒருமுறை

சிடி எழுதி முடிந்ததும் அவள் அதை உடனே வந்தவர் கையில் கொடுப்பதில்லை. விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து எதிர்ப்பக்க மருந்துக்கடைக்கு நடப்பாள். அங்கிருக்கும் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். பல வருடமாக இதே நடைதான். மழை பெய்தால் குடை சிடிக்கு, தலைக்கு இல்லை.

“உன் மெஷினுக்கு என்ன கேடு? அதுலயே பாத்துக்க வேண்டியதுதானே?” என்று மருந்துக்கடைக்காரர் அலுத்துக்கொள்வார்.

“அது எனக்காகப் பொய் சொல்லும்ணே.”

குரலும் வீடியோவும் சிடியில் போட்டுத் தரும் அவளுடைய கடையில் கணினிக்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. மேசை மின்விசிறி அதன் வயிற்றைப் பார்த்தே சுழலும். “வேர்த்தா நீங்க துடைச்சுக்குவீங்க. அது என்ன பண்ணும்?” என்பாள். அந்தப் பழைய மெஷினில் ஒரு சிடி எழுத வேண்டுமானால், முதலில் ஹார்டு டிஸ்கில் அந்த அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். அது எப்போதும் பிதுங்கி வழியும். அதனால் புது வேலை வந்தால் பழைய வேலை ஒன்றை அழிப்பாள். “ஒருத்தர எழுப்பிவிட்டாத்தான் இன்னொருத்தர் உக்கார முடியும்.” எழுதும்போது யாரும் அசையக் கூடாது என்றில்லை. “பேசுங்க, சிரிங்க, சண்டகூடப் போடுங்க. மவுஸ்ல மட்டும் கை வச்சிராதீங்க. சிடி பாழாயிடும்.”

அந்த நடை தொடங்கியது அண்ணியின் அப்பாவால்; மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். தொண்டையில் கட்டி, அறுவை செய்தால் குரல் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு அவர் இந்தக் கடைக்கு வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிறக்காத பேரப்பிள்ளையிடம் மனம் போனபடி பேசினார். திட்டினார், கதை சொன்னார், நடுவில் இருமிவிட்டு, “இத வெட்டிராதம்மா, இதுவும் நான்தான்” என்றார்.

அந்த வாரம்தான் புது சிடி ரைட்டர் வாங்கியிருந்தாள். சிடி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. “பாத்தீங்களா அண்ணி, வேகத்த!” என்று பீற்றிக்கொண்டாள். தன் கணினியிலேயே போட்டுப் பார்த்தாள். மாமா கணீரென்று பேசினார். சிடியை அண்ணியிடம் கொடுத்தாள். மறுநாள் ஒரு பள்ளி ஆண்டு விழா வீடியோ வந்தது. இடம் வேண்டியிருந்தது. மாமாவை அழித்தாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அண்ணி போன் செய்தாள். “இதுல ஒண்ணுமே கேக்கலையேடி.”

சிடியை வாங்கி, மருந்துக்கடைக் கணினியில் போட்டபோதுதான் தெரிந்தது. அவள் எழுதியது குரலை அல்ல, வெறும் ஷார்ட்கட்டை; குரல் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் சின்னத்தை மட்டும். அவளுடைய கணினியில் குரல் இருந்தவரை சிடியும் பேசியது. அவ்வளவு வேகமாக முடிந்ததும் அதனால்தான்.

“கீறல் விழுந்திருக்கும் அண்ணி. வேற போட்டுத் தர்றேன்” என்றாள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறாள். “அதுக்கு மேலயே எழுதிட்டீங்களேம்மா. துண்டு துண்டா ஏதாச்சும் வரலாம், வராமலும் போகலாம். குடுங்க, பாப்போம்” என்றார் ரிப்பேர்காரர். அவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏதோ ஒரு பதில் வந்துவிடும்.

பேத்திக்கு இப்போது கேள்வி கேட்கிற வயது. “தாத்தா எப்படிப் பேசுவாங்க?” என்று நச்சரிக்கிறாளாம். மாமா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவ்வப்போது கடை வாசலில் வந்து நிற்பார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்துவார். இவளைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே காதைத் திருகுவதுபோல் கையை ஆட்டுவார்.

“இந்த வாரம் கண்டிப்பா, மாமா.”

அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிடியை எடுப்பாள். அதன்மேல் மார்க்கரால் அவர் பெயர் எழுதியிருக்கிறது. உள்ளே எதுவும் எழுதவில்லை. மங்கிப்போன எழுத்துகளின் மேலேயே மறுபடியும் ஒருமுறை எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து மூடுவாள்.