முந்நூறு ரிசல்ட்டை ஒரே நேரத்தில் கேட்டவன்

இன்று கல்லூரி ரிசல்ட். சிதம்பரத்தில் என் பிரவுசிங் சென்டரில் மாணவர்களும் வீட்டாரும் முந்தின நாளே தேர்வு நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முந்நூறு சீட்டு சேர்ந்துவிட்டது.

எல்லா நம்பரையும் ரிசல்ட் தளத்தில் தானாகவே தேடி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கடலூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மச்சான் நேற்றே சொன்னான்: "பத்து பத்தா அனுப்பு. ஜாஸ்தி போனா அவுங்க தடுத்துடுவாங்க."

காலையில் கடை முழுக்கக் கூட்டம். "இன்னும் வரலியா?" என்று ஒருவர் என் நாற்காலியைப் பிடித்து ஆட்டினார். பத்தை முந்நூறாக்கி என்டர் தட்டினேன்.

ஒன்றுகூட வரவில்லை. என் கடை இணைப்பையே தளம் தடுத்துவிட்டது. கடை வைஃபையில் இருந்த எல்லாப் போனிலும் அதே கதி.

மச்சானைக் கூப்பிட்டேன். "போச்சு. எப்ப தெறப்பாங்கன்னு எனக்கே தெரியாதுடா."

அந்த முந்நூறில் என் தங்கை நம்பரும் இருக்கிறது. அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டார்.

அப்போது பிச்சாவரத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா வாசலில் நின்று, "எம்பொண்ணு பாஸு!" என்று கத்தினார். சொந்த டேட்டாவில் பார்த்திருக்கிறார். டேட்டா இருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். இல்லாதவர்கள் அந்த அக்கா முன்னால் வரிசை கட்டினார்கள்.

கடை வைஃபையை நம்பி நான் டேட்டா போடுவதே இல்லை. வரிசை நடுவில் புகப் பார்த்தேன். அக்கா நிறுத்தினார்.

"எல்லாரும் ஒரேடியா வந்தா எப்புடி? ஒவ்வொருத்தரா வாங்க தம்பி."

பதினேழாவது ஆளாக நின்றுகொண்டு, ரிசல்ட் தளம் தவிர மற்றதெல்லாம் ஓடும் கடை வைஃபையில் இதை எழுதுகிறேன். டேட்டா உள்ளவர்கள் யாராவது இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஒருவர் போதும்.