தனம் சொல்லாத பெயர்

அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மோர் விற்கும் தனத்துக்கு வாய் நீளம். கிரிவலம் வருகிற யாரையும் விட்டுவைக்க மாட்டாள். ஆனால் கட்டிய புருஷன் முருகையன் பெயர் மட்டும் அந்த வாயில் வந்ததே இல்லை. சாமியைக்கூட ‘முருகா’ என்று கூப்பிட மாட்டாள், ‘வேலவா’தான். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நான் கேலி செய்வேன்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. முதல் மருந்துக்கு அடங்கிவிட்டு மறுபடி தலைதூக்கியது. மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபாடி மருந்தைச் சின்ன பம்ப் வழியாக இரவும் பகலும் ஏற்றினார்கள்.

“இந்த மருந்துக்கு ரெண்டு கை மாதிரிங்க,” என்றார் டாக்டர் செழியன். “ஒரு கை கேன்சர் செல்லைப் புடிக்கும். இன்னொரு கை, உடம்புல காவல் இருக்கற செல்லை இழுத்தாந்து அது மேல உடும். செல பேருக்கு இதுல மூளை கலங்கும். கவனிக்காம உட்டா உயிருக்கே ஆபத்து. அதான் தெனம் கேள்வி கேப்போம்.”

நர்ஸ் தேவிப்ரியா தினமும் கேட்டாள்: என்ன ஊர், என்ன மாசம், பக்கத்தில் நிற்பவர் பெயர் என்ன. கடைசிக் கேள்விக்கு மட்டும் தனம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். முதல் நாள் நர்ஸ் பதறிவிட்டாள்.

“பயப்படாதீங்கம்மா, எம் பேர அது சொல்லாது,” என்றார் முருகையன். வார்டே சிரித்தது.

ஒரு மதியம் தனம் முந்தானையைத் தொடவில்லை. காலியாகக் கிடந்த எதிர்க் கட்டிலைப் பார்த்தபடி, “முருகையன்,” என்றாள். முன்பின் தெரியாத ஆளின் பெயரைச் சொல்வது போல.

“அட, சொல்லிட்டீங்களே! கரெக்ட்!” நர்ஸ் கைதட்டினாள்.

முருகையன் பம்பைக் காட்டிக் கத்தினார். “மருந்த நிறுத்துங்கம்மா! இது எம் பொண்டாட்டி இல்ல!”

“முருகையா… முருகையா…” அவள் எதிர்க் கட்டிலையே கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செழியன் ஓடி வந்து பேனாவைக் காட்டி, இது என்ன என்றார். அதற்கும் “முருகையன்”. அவள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. உடனே பம்பை நிறுத்தி ஊசி போட்டார்கள்.

மெல்லத் தெளிந்தாள். பிறகு குறைந்த அளவில் மருந்தைத் தொடர்ந்தார்கள். இப்போது ரத்தத்தில் நோய் தெரியவில்லை. அன்று நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. “நானாவது, அவங்க பேரச் சொல்றதாவது!” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

முருகையன்தான் தேறவில்லை. “நான் இங்கதான நின்னுட்டிருந்தேன்? அந்தக் கட்டில்ல யாரப் பாத்துக் கூப்ட்டிச்சி?” என்று கேட்கிறார். இப்போதெல்லாம் தெருவில் யார் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லை. முதலில் தனத்தின் வாயைப் பார்க்கிறார்.