பின்சீற்றுத் தலையிடி

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை அவருடைய நினைவு மலருக்கு எழுதச் சொல்லிவிட்டார்கள். பிழை வந்துவிடுமோ என்று இரண்டு கிழமையாக நித்திரையில்லை.

அண்ணா பிறந்தது சாவகச்சேரியில். அம்மா நேரத்தோடு கண்ணை மூடிவிட, என்னை வளர்த்தவர் அவர்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ன் வந்து ஒரு கார்த் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு என்னையும் கூப்பிட்டு, அங்கே கிளேட்டன் பகுதியிலிருந்த வீட்டில் தன்னோடும் அண்ணியோடும் வைத்துக்கொண்டார்.

அப்போது தொழிற்சாலையில், டிரைவர் வைத்துப் போகும் பெரிய ஆட்களுக்கென்று ஒரு சொகுசுக் கார் உருவாகிக்கொண்டிருந்தது. விற்பனைக்கு வரமுன் ஓட்டிப் பார்த்து, குறையில்லை என்று கையெழுத்து வைப்பது அண்ணாவின் வேலை. சனி ஞாயிறில் அந்தக் கார் வீட்டுக்கு வரும். அயலவர்களுக்கு வேடிக்கை. எனக்குத் தண்டனை.

"பின்னுக்கு ஏறு, பிள்ளை."

"ஏனண்ணா எப்பவும் நான்?"

"வாங்கிறவன் பின்னுக்குத்தானே இருப்பான்? எங்கட என்ஜினியர்மார் முன்னுக்கு இருந்தே பாக்கினம். நீ ஊசி விழுந்தாலும் பயப்பிடுவாய். உன்னைப்போல மீற்றர் எங்கை கிடைக்கும்?"

அரை மணித்தியாலத்தில் தலையிடி, பிறகு வயிற்றைப் பிரட்டிச் சத்தி. எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்று அண்ணி சொன்னா. பிறகு அண்ணியை ஏற்றினார். அவவுக்கும் அதே தலையிடி. அண்ணா கையெழுத்து வைக்கவில்லை.

பெரிய என்ஜினியர், "உன் வீட்டுப் பெண்களுக்குக் கார்ப் பழக்கமில்லை. திங்கட்கிழமை கையெழுத்து வேணும், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ" என்றாராம்.

நான் அவரைக் கெஞ்சினேன். "வையுங்கோவன் அண்ணா! எல்லாரும் ஓமெண்ட பிறகு உங்களுக்கு என்ன பிடிவாதம்?"

"என்ஜின் புகை உள்ளுக்கு வருது, பிள்ளை. எவனோ தன்ர குழந்தையைப் பின்னுக்கு நித்திரையாக்கிக்கொண்டு தூரம் போவான். அது எழும்பாட்டி?"

ஞாயிற்றுக்கிழமை என் புதுப் பவுடர் டின் முழுவதையும் டிக்கி ஓரத்து ரப்பரில் கொட்டினார். கேட்கவுமில்லை! மூடித் திறந்தார். மூடியைச் சுற்றிப் பவுடர் ஒட்டியிருந்தது. இடப்பக்க மூலையில் மட்டும் ஒரு சாண் சுத்தமாக இருந்தது. அங்கே ரப்பர் மூடியைத் தொடவில்லை. புகைக்குழாயும் அதற்கு நேர் கீழேதான் முடிந்தது.

திங்கட்கிழமை அதைக் காட்டினார். ரப்பரை மாற்றி, குழாயையும் நீட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு இருந்தேன். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகே கையெழுத்து வைத்தார்.

குறையைக் கண்டுபிடித்தவர் என்று அறிக்கையில் வந்ததோ அந்தப் பெரிய என்ஜினியரின் பெயர். நான் கத்தினேன். "தலையிடி போச்சுத்தானே? பிறகென்ன" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு மனிசனோடு என்ன செய்வது! பவுடரும் வாங்கித் தரவில்லை.

ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தார். இரண்டு மகள்மாரையும் படிப்பித்து வாழவைத்தார். கடைசியில் இருதய நோய். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறைவைத்து இரவிலும் பகலிலும் பார்த்த மருமக்களுக்கும், சோறு கறி கொண்டுவந்த கிளேட்டன் உறவுகளுக்கும், தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செத்தவீட்டுக்கு அந்த என்ஜினியரும் ஊன்றுகோலோடு வந்தார். என் பக்கத்தில் வந்திருந்து மெதுவாகச் சொன்னார்: "நானும் ஒருநாள் பின்சீற்றில் போனேன். எனக்கும் தலையிடித்தது. யாருக்கும் சொல்லவில்லை."

இவ்வளவு வருடம்! தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் வந்து சொன்னாரே, அவருக்கும் நன்றி.