எல்லை தாண்டி வந்த கிராபிக்ஸ் கார்டு

என் மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இப்போது அவனுக்கு முன்வழுக்கை விழுந்து, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகி, என்னைப் பார்த்தால் தோளில் கை போட்டுப் பேசுகிறான். நானும் சிரித்துக்கொண்டே பேசுகிறேன். உள்ளே அந்த பிளாஸ்டிக் ஸ்டூல் அப்படியே கிடக்கிறது.

அவன் என் அம்மாவின் அண்ணன் மகன், என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவன். நாங்கள் காரைக்கால் பக்கம் போலகத்தில் இருந்தோம். அவர்கள் வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி, நாகூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பைக்கை எடுத்தால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் காரைக்காலைச் சேர்ந்த நாங்கள் பாண்டிச்சேரி, அவர்கள் தமிழ்நாடு. அந்த வித்தியாசம் பெட்ரோல் விலையிலும் பிராந்திக் கடையிலும் மட்டும்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் கம்ப்யூட்டர் ஒரே வருடம் வந்தது. எனக்குக் காலேஜ் படிப்புக்காக என்று அப்பா பலமுறை சொல்லி வாங்கிக் கொடுத்தார். அவனுக்கு, அவன் கேட்டான் என்பதற்காக மாமா வாங்கிக் கொடுத்தார். மாமாவுக்கு உரக்கடை. என்னுடையதில் விளையாட்டுப் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது, மதர்போர்டிலேயே இருந்ததுதான். புதிதாக வந்த கார் ரேஸ் விளையாட்டைப் போட்டால் படம் விட்டு விட்டு வரும். நிழலை நிறுத்தி, மழையை நிறுத்தி, மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு சாம்பல் நிற ரோட்டில் நான் மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பேன். மரம் இல்லாவிட்டால் என்ன, நன்றாகத்தான் ஓட்டினேன்.

தங்கையின் மஞ்சள் நீராட்டு அன்று வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மாமா வீட்டுச் சீர்வரிசை கூடத்தில் பரப்பியிருந்தது. பொடிசுகள் கேட்டார்களே என்று நான் ரேஸைப் போட்டுக் காட்டினேன். சீர் கொண்டு வந்த மிதப்பில் இருந்த மச்சான் வந்து பின்னால் நின்றான்.

"டேய் மாப்ள, இது ஓடுதா நிக்குதா? டைப்ரைட்டர்ல போயி காரு ஓட்டுறியேடா!"

முதலில் சிரித்தது என் பெரியப்பா. வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டும் பார்க்காத மனிதர். அவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. மச்சான் அதோடு விடவில்லை. "கார்டு எப்ப மாத்தப் போற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். அடுத்த மாதம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வந்து பார் என்று கூப்பிட்டான். வெட்கம் கெட்டுப் போனேன். அவன் சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே காட்டினான். சின்ன ஃபேன் வைத்த சிவப்பு கார்டு, மாமா மெட்ராஸிலிருந்து வரவழைத்தது. அதே விளையாட்டு, அதே ரோடு. ஆனால் இங்கே மழை பெய்தது, நனைந்த ரோட்டில் கடை விளக்குகள் தெரிந்தன. நான் இத்தனை நாள் எந்த ஊரில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினான். எனக்கு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு ரேஸ் முடிந்தது, இன்னொன்று முடிந்தது. அடுத்தது நமக்குத்தான் என்று கீபோர்டுப் பக்கம் கையை நீட்டினேன்.

"கை வைக்காத மாப்ள. ஒனக்குக் கை வேர்க்கும். கீபோர்டு பாழாப் போயிடும்."

எனக்குக் கை வேர்க்கும்தான். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவன் பொய் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். சாயங்காலம் வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவன் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, அத்தை கொடுத்த கேசரியையும் தின்றுவிட்டு வந்தேன். கேசரி இனிக்கவே இல்லை.

அன்று முடிவு செய்தேன். வாங்கினால் அவனுடையதைவிடப் பெரிய கார்டாக வாங்க வேண்டும், அவனைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். எது வாங்குவது என்பதில் குழப்பமே இல்லை. எப்போது வாங்குவது என்பதில்தான் மண்டை காய்ந்தது. இன்று வாங்கினால் அவன் அடுத்த மாதமே அதைவிடப் பெரியதாக வாங்குவான். பொறுத்திருந்தால் புதியது வரும், பழையது விலை இறங்கும், ஆனால் அதற்குள் அவன் புதியதை வாங்கிவிடுவான். காரைக்கால் கடைக்காரர் வேறு என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, "தம்பி, பெரிய கார்டு போட்டா இந்த பவர் சப்ளை தாங்காது. அதையும் சேத்து மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். விளையாடுவதற்காக வாங்குபவன் என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கலாம். வஞ்சம் தீர்ப்பதற்காக வாங்குபவனுக்கு நாள் அமைய வேண்டும்.

எனக்கு அமையவில்லை. அவன் இன்னொரு முறை மாற்றினான். இந்த முறை வந்தது இரட்டை ஃபேன் கார்டு. ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "கார்டு எப்ப மாத்தப் போற?" என்பான். அடுத்த மாதம் என்பேன். பெரியப்பா அதற்கும் சிரிப்பார்.

பிறகு தமிழ்நாட்டில் கரண்ட் போக ஆரம்பித்தது. முதலில் கொஞ்ச நேரம் என்றார்கள். அப்புறம் காலையில் போனது, மத்தியானம் போனது, வந்தது போல வந்து மறுபடியும் போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஃபேன் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. மாமா இன்வெர்ட்டர் வாங்கினார். அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஈடுகொடுத்தது. மச்சான் கம்ப்யூட்டரைப் போட்டு ரேஸைத் திறந்ததும் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. அந்த இரட்டை ஃபேன் கார்டு இழுக்கும் கரண்ட்டை இன்வெர்ட்டர் தாங்கவில்லை. இதை அம்மா போனில் கேட்டுவிட்டு வருத்தத்தோடு என்னிடம் சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று வாய் வலிக்கச் சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வாசலில் வந்து நின்றான். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் பெட்ஷீட்டில் சுற்றிய சிபியு.

"மாப்ள, ஒரு மணி நேரம் இங்க போட்டுக்கிறேன்டா."

"இது என்ன கேள்வி? ஒன் அத்தை வீடு இல்லையா?" என்று அம்மா உள்ளிருந்து வந்தாள். பிறந்த வீட்டுப் பிள்ளை என்றால் அவளுக்குக் கண் தெரியாது. நானும் வாடா மச்சான் என்று உபசாரமாகக் கூட்டிப்போய், என் மானிட்டரில் நானே மாட்டிவிட்டேன். அவன் நாற்காலியை இழுத்தான். நான் சமையலறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தேன்.

"நீ இதுல உக்காரு மச்சான்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

திரும்பிப் போகும்போது செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டான். எங்கள் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போகிறவன் பிராந்தி பாட்டிலைத் தவிர வேறு என்ன கொண்டுபோவான்? பெட்ஷீட்டைப் பிரிக்கச் சொன்னார்கள், தகட்டைக் கழற்றச் சொன்னார்கள், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அடுத்த வாரமும் அதேதான். "இப்படி ஆட்டி ஆட்டித் தூக்கிட்டுப் போனா கார்டு கழண்டுடும் மச்சான். வேணும்னா இங்கயே இருக்கட்டும்" என்று மிகுந்த அக்கறையோடு சொன்னேன். அவனும் விட்டுவிட்டுப் போனான்.

வாரம் முழுக்க நான் ஓட்டினேன். நனைந்த ரோட்டில், கடை விளக்குகளுக்கு நடுவே, அவன் வைத்திருந்த ரெக்கார்டு நேரத்தையெல்லாம் ஒவ்வொன்றாக முறியடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். கையைத் துடைத்துவிட்டு வரச் சொல்லி ஒரு துண்டைக் கொடுப்பேன். அவனுக்குக் கை வேர்க்காது. ஆனாலும் துடைத்தான், துடைத்தால்தான் கீபோர்டு கிடைக்கும். ஒரு ரேஸ் கொடுப்பேன், மனசு இருந்தால் இரண்டு.

காணும் பொங்கலுக்கு அதே சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். பொடிசுகள் என்னைச் சுற்றி நின்றார்கள். திரையில் மழை. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "கார்டு எப்ப மாத்தப் போற மாப்ள?" என்றான். இந்த முறை கிண்டல் இல்லை. எனக்கென்று ஒன்று வந்தால்தான் அவனுடையது அவனுக்குக் கிடைக்கும்.

இத்தனை வருடம் தேடிய நாள் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"ஒங்க ஊருல கரண்ட் ஒழுங்கா வரட்டும் மச்சான். அன்னைக்கே மாத்திடுறேன்."

இந்த முறையும் முதலில் சிரித்தது பெரியப்பாதான்.